எடுப்பதில் வேகம், கொடுப்பதில் தாமதம்

2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 வீதத்தை வங்கியே கழித்துக்கொள்கின்றது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவை மிஞ்சாதோர் சுயபிரகடனம் அளித்து விலக்குப் பெறலாமாம். இதனை அறியாத கொலன்னாவை முதியவர் ஒருவரின் வட்டி 80,000 ரூபாவெனின் 8,000 ரூபா போய்விடும். அஃது அவருடைய மருந்துச் செலவு. மீட்பதற்கு அவர் இலத்திரனியல் முறையில் வருமான விவரத்திரட்டைச் சமர்ப்பித்துக் காத்திருக்கவேண்டும். பொய்க் கோரிக்கைகளைத் தடுக்கச் சோதனை அவசியமென்பர் அதிகாரிகள். நியாயமே. ஆயின் வங்கிகள் அறிவித்த கழிவுக் கணக்குத் திணைக்களத்தின் கைவசமன்றோ உள்ளது! ஒப்புநோக்க எத்தனை நாள் வேண்டும்? வருமானம் யாதென வினவாமலே எடுக்க ஒரு நொடி போதுமாயின், திருப்பிக் கொடுக்க மாதங்கள் எதற்கு? பிந்திச் செலுத்துவோரிடம் வட்டி அறவிடும் உள்நாட்டு இறைவரித் திணைக்களம், மீளளிப்புக்கும் நாள் குறித்து அம்முதியவருக்கு எழுத்திலே தரட்டும்.