கச்சத்தீவு, சீனா, ராக்கெட்... பழவேற்காட்டு ஓட்டு எதைப் பார்த்து விழுகிறது?

2024 மக்களவைத் தேர்தல் பிரசாரம் சூடுபிடித்த நேரம். மார்ச் 31-ம் தேதி பிரதமர் மோடி எக்ஸ் தளத்தில் கச்சத்தீவு பற்றி ஒரு பதிவு போட்டார். மறுநாளே வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் டெல்லியில் செய்தியாளர்களைச் சந்தித்து, 20 ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்களை இலங்கை பிடித்திருக்கிறது, 1,175 படகுகளைக் கைப்பற்றியிருக்கிறது என்று கணக்குச் சொன்னார். 1974-ல் தீவை விட்டுக்கொடுத்தது காங்கிரஸ், தெரிந்தும் பேசாமல் இருந்தது திமுக என்பது பாஜகவின் குற்றச்சாட்டு. பத்து வருஷம் ஆட்சியில இருந்தீங்களே, என்ன செஞ்சீங்க என்பது எதிர்த்தரப்பின் பதில்.

சரியாக 19 நாள் கழித்து, ஏப்ரல் 19-ல் தமிழ்நாடு வாக்களித்தது. 39 தொகுதிகளும் திமுக கூட்டணிக்கு. பழவேற்காடு அடங்கிய திருவள்ளூர் (தனி) தொகுதியில் காங்கிரஸின் சசிகாந்த் செந்தில் சுமார் 5.72 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். மாநிலத்திலேயே பெரிய வித்தியாசம் இதுதான். பாஜக சார்பில் பொன்.வி.பாலகணபதி, அதிமுக கூட்டணியில் தேமுதிகவின் நல்லதம்பி போட்டியிட்டார்கள்.

அப்போ மீனவர்களுக்கு வெளியுறவும் தேசப் பாதுகாப்பும் ஒரு பொருட்டே இல்லையா?

அதிபர் தேர்தல் மாதிரி ஒரு தேர்தல்

இந்தியாவில் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் 2014-ல் இருந்து மக்களவைத் தேர்தல்கள் கிட்டத்தட்ட அதிபர் தேர்தல் ஸ்டைலில்தான் நடக்கின்றன. மோடியா, ராகுலா என்பதுதான் கேள்வி. உலக அரங்கில் இந்தியாவின் மதிப்பு, எல்லையில் சீனா, பாகிஸ்தானுக்குப் பதிலடி எல்லாம் அந்தப் போட்டிக்குள் வந்துவிடும். பாஜகவின் 2024 அறிக்கை ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் நிரந்தர இடம் பற்றிப் பேசியது. காங்கிரஸ் அறிக்கை சீன எல்லையில் பழைய நிலையைக் கொண்டுவருவோம், அக்னிபத் திட்டத்தை ரத்து செய்வோம் என்றது.

இதெல்லாம் வாக்காளர் மனதில் எவ்வளவு இடம் பிடித்தது? தேர்தலுக்கு முன் லோக்நீதி - சிஎஸ்டிஎஸ் எடுத்த ஆய்வில், எது முக்கியப் பிரச்னை என்ற கேள்விக்கு 27% பேர் வேலையின்மை என்றார்கள். 23% பேர் விலைவாசி. இந்தியாவின் சர்வதேச மதிப்பு என்று சொன்னவர்கள் வெறும் 2%. இது நாடு தழுவிய கணக்கு, பழவேற்காட்டுக் கணக்கு இல்லை. திருவள்ளூர் தொகுதி முடிவை வைத்தும் பழவேற்காட்டின் மனதைப் படித்துவிட முடியாது. ஆவடி, மாதவரம், பூந்தமல்லி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர், பொன்னேரி என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதில் இருக்கின்றன. ஏரிக்கரைக் குப்பங்கள் அதில் ஒரு மூலை.

கச்சத்தீவே அன்றாடப் பேச்சாக இருக்கிற ராமநாதபுரத்தில்கூட என்ன நடந்தது? பாஜக கூட்டணி ஆதரவோடு பலாப்பழச் சின்னத்தில் நின்ற ஓ.பன்னீர்செல்வம், முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனியிடம் சுமார் 1.66 லட்சம் வாக்கில் தோற்றார். கச்சத்தீவு எடுபடவில்லை என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஓட்டு ஒரே காரணத்துக்காக விழுவதில்லை. ஆனால் எதிர்பார்த்த அலை வரவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

பழவேற்காட்டில் 'பாதுகாப்பு' என்றால் என்ன?

மேட்டரே இங்கேதான் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காடு, சில்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் தமிழ்நாட்டில். லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம் போன்ற ஊர்களில் பலரும் ஃபைபர் படகில் கரையை ஒட்டியே தொழில் செய்கிறவர்கள். அவர்கள் வலை இலங்கைக் கடல் எல்லைப் பக்கம் போவதே இல்லை. எனவே கச்சத்தீவு அவர்களுக்கு டிவியில் பார்க்கிற செய்தி.

ஆனால் தேசப் பாதுகாப்பு என்ற சொல் அவர்கள் கரையில் வேறு ரூபத்தில் இருக்கிறது.

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1969-ல் ராக்கெட் ஏவுதளத்துக்காக இந்த இடம் தேர்வானது. 1971 அக்டோபரில் ரோகிணி ஆய்வு ராக்கெட் கிளம்பியது. தீவில் வாழ்ந்த யானாதி பழங்குடிகள் உட்படப் பலர் இடம்பெயர்ந்தார்கள். இன்றும் ஒவ்வொரு ஏவுதலுக்கும் முன்னால் கடலுக்குப் போகக் கூடாது என்று பழவேற்காடு குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். ராக்கெட்டில் இருந்து கழன்று விழும் பாகங்கள் கடலில் விழும் என்பதால் எச்சரிக்கை நியாயமானதுதான். 2023-ல் மட்டும் சந்திரயான்-3 உட்பட 7 செயற்கைக்கோள் ஏவுதல்கள். நாம் போனில் லைவ் பார்த்துக் கைதட்டும் அந்த நேரத்தில், படகைக் கரையில் ஏற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைய கூலி இல்லை. ஏவுதல் தள்ளிப்போனால் இன்னொரு நாளும் போச்சு. ராக்கெட் வேண்டாம் என்பதல்ல இங்கே பிரச்னை. தேசத்துக்காக ஒரு நாள் தொழிலை விடும்போது, அந்த ஒரு நாளின் விலையை யார் கொடுப்பது என்பதுதான். எந்தக் கட்சியின் வெளியுறவு, பாதுகாப்பு அத்தியாயத்திலும் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

அடுத்தது 26/11. 2008-ல் மும்பைக்கு வந்த தீவிரவாதிகள் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி அதில் வந்தார்கள். அதன் பிறகு நாடு முழுக்க மீனவர்களுக்கு பயோமெட்ரிக் அட்டை, படகுகளுக்குப் பதிவு எண், 'சாகர் கவாச்' ஒத்திகை என எல்லாம் வந்தன. கடலோரக் காவல்படை, மீனவர்களைத் தன் கண்ணும் காதும் என்று சொல்கிறது. சந்தேகப் படகைப் பார்த்தால் 1093-க்கு போன் பண்ணச் சொல்கிறார்கள். கண்ணும் காதுமாக இருக்கிறவரே சோதனையில் அட்டையை எடுத்துக் காட்டவும் வேண்டும்!

எல்லைப் பிரச்னையும் உண்டு. ஆனால் அது இலங்கையோடு இல்லை, ஆந்திராவோடு. ஏரித் தண்ணீரில் மாநில எல்லைக்கோடு எங்கே என்று இரு பக்க மீனவர்களும் பல வருஷமாக மோதியிருக்கிறார்கள். படகு, வலையைப் பிடித்து வைப்பது, பேச்சுவார்த்தை, மறுபடியும் மோதல். தமிழ்ப் பக்கத்தில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்கள் தங்களுக்குள் 'பாடு' முறையில் யார் எந்த இடத்தில் எப்போது வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொள்கிறவர்கள். அந்த ஒழுங்கு மாநில எல்லையைத் தாண்டிச் செல்லுபடியாகாது.

துறைமுகம்: வெளியுறவு கரையேறும் இடம்

பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளி. எல்&டி கட்டிய துறைமுகத்தை 2018-ல் அதானி குழுமம் வாங்கியது. பக்கத்திலேயே இருக்கும் எல்&டி கப்பல் கட்டும் தளத்தில் கடலோரக் காவல்படைக்கு ரோந்துக் கப்பல்கள் தயாராகின்றன. துறைமுகத்தை 6,110 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டம்தான் மீனவர்களைத் தெருவுக்கு வரவைத்தது.

பயம் ஏன்? இந்தக் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகும். நடுவில் கல்லைக் கொட்டி அலைத்தடுப்பு கட்டினால், மணல் தெற்கே தேங்கும், வடக்கே கரை அரிக்கும். வடக்கே இருப்பது பழவேற்காடு. கடலையும் ஏரியையும் பிரிப்பது ஒரு மெல்லிய மணல் திட்டு. அது போனால் ஏரியே இல்லை என்பது மீனவர்களின் வாதம். வேலைவாய்ப்பு வரும், சரக்குப் போக்குவரத்து பெருகும் என்பது திட்ட ஆதரவாளர்களின் பதில். 2021 ஜனவரியில் நடக்க வேண்டிய கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டதும் நடக்கவில்லை. விரிவாக்கத்தை அனுமதிக்க மாட்டோம் என்று 2021 தேர்தலில் திமுக வாக்குறுதி கொடுத்தது.

இதே குழுமம் கொழும்புத் துறைமுகத்தின் மேற்கு முனையத்திலும் பங்குதாரர். மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்தையும் வைத்திருந்தது. அதனால் 2024 இலங்கை அதிபர் தேர்தலைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்பது பயன்படும். அங்கே அநுர குமார திசாநாயக்க, சஜித் பிரேமதாச, ரணில் விக்ரமசிங்க மூவரும் இந்தியா, சீனா, ஐ.எம்.எஃப். பற்றி வேறு வேறு தொனியில் பேசினார்கள். காற்றாலை ஒப்பந்தத்தை ரத்து செய்வேன் என்று அநுர பிரசாரத்திலேயே சொன்னார். மன்னாரில் அந்தத் திட்டத்தை எதிர்த்தவர்களில் மீனவர்களும் உண்டு. தேசியப் போட்டியும் கரைப் பிரச்னையும் ஒரே மேடையில் வந்த அபூர்வமான இடம் அது.

ஆனாலும் செப்டம்பர் 21 அதிபர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலில் வந்தவர் சஜித். இரண்டாவது, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன். இரண்டே மாதத்தில், நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில், அதே மாவட்டத்தில் 6 இடத்தில் 3 இடத்தை அநுரவின் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. 2025 பிப்ரவரியில் அதானி காற்றாலைத் திட்டத்தில் இருந்து விலகியது. அந்த வருஷம் செப்டம்பரில் அநுர கச்சத்தீவுக்கே போய் நின்றார். வட இலங்கை மீனவர்கள் அவரிடம் கேட்பது தமிழக இழுவைப் படகுகளைத் தடுங்கள் என்று. 2017-லேயே இலங்கை இழுவை வலையைச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. ஆக, ராமேஸ்வரத்துக்கு 'மீனவர் பாதுகாப்பு' என்பதும் யாழ்ப்பாணத்துக்கு 'மீனவர் பாதுகாப்பு' என்பதும் நேரெதிர்.

பழவேற்காட்டுக்கு வரிசையே வேறு: முகத்துவாரம் தூர்ந்து போகாமல் இருக்கணும், துறைமுகம் வடக்கே வரக் கூடாது, ஆந்திராப் பக்கம் போனால் படகு பத்திரமா திரும்பணும், ராக்கெட் நாளுக்கு ஏதாவது ஈடு கொடுக்கணும். இதில் முதலாவது மாநில அரசின் கையில், இரண்டாவது மத்திய, மாநில அரசுகள் இரண்டின் கையிலும், மூன்றாவது இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேச வேண்டியது, நான்காவது டெல்லி. ஒரு எம்.பி. வேட்பாளரிடம் இந்த நாலையும் கேட்டால், என் கையில் இல்லை என்று பாதிக்கு மேல் நழுவிவிட முடியும்.

2024 பிப்ரவரி 28-ல் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு மோடி அடிக்கல் நாட்டினார். அந்தக் கரையிலும் மீனவர்கள் இருக்கிறார்கள். ராக்கெட் நாள் கூலியை யார் தருவது என்ற கேள்வி இனி திருச்செந்தூர் பக்கமும் கேட்கும்.