நல்லூரை நடந்து பார்க்க வழி விடுங்கள்

கந்தசுவாமி கோயிலில் இருந்து முத்திரைச் சந்தி. அங்கிருந்து யமுனா ஏரி, மந்திரிமனை, சங்கிலித்தோப்பு. ஆறுதலாக நின்று பார்த்து நடந்தாலும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது. நான் முப்பத்தொரு வருடம் நில அளவையாளனாக வேலை செய்தவன். காலால் நடந்து பார்க்காத காணியை எனக்குத் தெரியும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதனால்தான் 2025 ஆடியில் ரொறன்ரோவில் இருந்து வந்த பேத்தி நல்லூர் பார்க்க வேண்டும் என்றபோது, “வான் வேண்டாம் பிள்ளை, நடப்பம்” என்றேன். கொடியேற்றத்துக்கு இன்னும் நாள் இருந்தது. வெயில் தாழ, நாலரை மணிக்கு வெளிக்கிட்டோம்.

கோயில் வாசலிலேயே முதல் கேள்வி வந்தது. “அம்மப்பா, இதுவோ ராசா கட்டின கோயில்?”

இல்லை என்றேன். அரசர் காலத்துக் கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா 1621இல் இடித்துவிட்டான். இப்போது நாங்கள் கும்பிடும் கோயில் 1734இல், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், இரகுநாத மாப்பாண முதலியாரின் முயற்சியால் வேறோர் இடத்தில் எழுந்தது. பழைய கோயில் நின்ற நிலத்தில், முத்திரைச் சந்திக்குப் பக்கத்தில், இன்று புனித யாக்கோபு தேவாலயம் நிற்கிறது என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலரின் கருத்து. பிள்ளை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப சாமி நடந்து வந்திருக்கிறார்” என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

கோயிலில் இருந்து சந்திக்குப் போகும் பருத்தித்துறை வீதியில் நடப்பது இலகுவான காரியம் அல்ல. நடைபாதை என்று சொல்ல ஒன்று தொடர்ச்சியாக இல்லை. வாய்க்கால் மூடியில் ஏறுவதும் இறங்குவதுமாக, பஸ் வரும்போது மதிலோடு ஒட்டி நிற்பதுமாகப் போனோம். பிள்ளையின் கையை நான் விடவில்லை. யாழ்ப்பாண இராச்சியத்தின் தலைநகரை அதன் சொந்தப் பிள்ளைகள் இப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முத்திரைச் சந்தியில் சங்கிலி மன்னன் குதிரையில் வாளோடு நிற்கிறான். 1974இல் வைத்த சிலை; 2011இல் புதுப்பித்துத் திறந்தார்கள். சங்கிலி என்ற பெயரில் இருவர் ஆண்டார்கள். ஒருவன் 1519 முதல் 1561 வரை போர்த்துக்கேயரோடு மல்லுக்கட்டியவன். அவன் காலத்தில்தான், 1560இல், அவர்கள் முதல் தடவையாக நல்லூருக்குள் புகுந்தார்கள். மற்றவன் 1619இல் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட கடைசி அரசன். இந்த இருவரையும் பிரித்துச் சொல்ல எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிலைக்கு மாலை போடும் நாளில் பேச்சு நிறைய உண்டு. நின்று வாசிப்பவனுக்கு நாலு வரியில் இரண்டு சங்கிலிகளின் கதையையும் சொல்லும் ஒரு பலகைதான் வேண்டும்.

சந்தியில் பிரியும் செம்மணி வீதியைப் பேத்திக்குக் காட்டினேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு எங்களில் பலர் போரால் இடம்பெயர்ந்து மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்த வழிகளில் அதுவும் ஒன்று. அவளுடைய தாய்க்கு அப்போது பத்து வயது. அதற்கு மேல் அந்த இடத்தில் நான் எதுவும் சொல்லவில்லை.

யமுனா ஏரி என்ற பெயரைக் கேட்டு வருபவர்கள் பெரிய ஏரி ஒன்றை எதிர்பார்த்து வருகிறார்கள். அது பகர வடிவத்தில் கட்டிய ஒரு கேணி. அரசன் ஒருவன் யமுனை நதியின் தீர்த்தத்தைக் காவடியில் எடுப்பித்து இதில் கலந்தான் என்பது கதை. கதையைக் கதையாகவே பேத்திக்குச் சொன்னேன். ஆனால் படிக்கட்டில் குந்தி இருந்து அவளுக்குக் காட்டியது வேறு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத எங்கள் குடாநாட்டில் நல்ல தண்ணீர் முழுவதும் நிலத்துக்கடியில், சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் கிடக்கிறது. மழைநீரைத் தேக்கிக் கீழே இறக்கும் ஒவ்வொரு குளமும் கேணியும் அயல் கிணறுகளின் உயிர். ஏரியின் மேல்படியில் பாசி காய்ந்து கறுத்திருந்தது. கீழே தண்ணீர் பச்சையாகக் கிடந்தது; அதில் ஒரு பிளாஸ்ரிக் போத்தல். பிள்ளை அதை எட்டி எடுக்கப் போனாள். படி வழுக்கும் என்று தடுத்தேன்.

மந்திரிமனையில்தான் அதிக நேரம் நின்றோம். இரண்டு தளம், முகப்பு வளைவுகள், மரவேலை. அரசனின் மந்திரி இருந்த மாளிகை என்று ஊர் சொல்கிறது. பெயர் அரசர் காலத்து நினைவைச் சுமக்கலாம். ஆனால் இன்று நிற்கும் கட்டடத்தின் அமைப்பு ஐரோப்பியர் வந்த பிறகு உருவான பாணி என்பதைக் கட்டடக்கலை அறிந்தவர்கள் பலகாலமாகச் சொல்லி வருகிறார்கள். இதைச் சொன்னால் கோபிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏன் கோபிக்க வேண்டும்? அந்தத் தச்சனும் எங்கள் தச்சன்தான். அந்தச் சுண்ணாம்பைக் குழைத்த கையும் எங்கள் கைதான். அரசர் காலத்தது இல்லை என்றால் இடியட்டும் என்றா விடுவது?

ஒரு சுவரை அவளுக்குக் கிட்டக் காட்டினேன். சாந்து உதிர்ந்த இடத்தில் உள்ளே இருந்த கல் தெரிந்தது. அதன் மேல் ஆணியால் கீறிய பெயர்கள், இதயப் படங்கள், ஆண்டுகள். சுவர் உச்சியில் முளைத்திருந்த ஆலங்கன்று ஒன்றின் வேர், விரல் தடிப்பில், வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. பழைய சுண்ணாம்புக் கட்டடம் சாவது இப்படித்தான். கூரை போன பிறகு மழை சுவரின் தலையால் உள்ளே இறங்கும், சாந்து கரையும், பறவை போட்ட விதை அந்த ஈரத்தில் முளைக்கும், வேர் பருக்கப் பருக்கக் கல் விலகும். ஒரு நாளில் நடப்பது அல்ல. பல வருடம் எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் நடப்பது.

அதே ஆண்டு செப்ரெம்பரில் பெய்த மழையில் மந்திரிமனையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ரொறன்ரோவில் இருந்து பிள்ளை தொலைபேசி எடுத்தாள். “அம்மப்பா, நாங்கள் பார்த்த வீடோ?” ஓம் என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல முடிந்தது.

சங்கிலித்தோப்பில் எஞ்சியிருப்பது ஒரு வாசல் வளைவு. அது வாசலாக இருந்த மாளிகை இப்போது இல்லை. ஆனாலும் அந்த வளைவுக்குக் கீழே நின்று வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபோதுதான் பிள்ளைக்கு எல்லாம் பொருந்தி வந்தது. கோயில் அங்கே, சந்தி அங்கே, தண்ணீர் அங்கே, அரசன் இங்கே. பண்டாரக்குளம், செட்டித்தெரு என்று சுற்றியுள்ள இடங்களின் பெயர்களைச் சொன்னேன். சட்டநாதர், வெயிலுகந்த பிள்ளையார், கைலாசநாதர், வீரமாகாளி அம்மன் என்று நான்கு திசைக்கும் காவலாக நின்ற கோயில்களைச் சொன்னேன். “அப்ப நாங்கள் ஒரு சிற்றிக்கு உள்ளே நிற்கிறம்” என்றாள். வானில் வந்து சிலைக்கு முன்னால் ஒரு படம், வளைவுக்கு முன்னால் ஒரு படம் எடுத்துப் போனால் இந்த எண்ணம் வராது. தனித்தனியாகப் பார்த்தால் இவை ஐந்து இடங்கள். நடந்து சேர்த்தால் ஒரு நகரம்.

எங்கள் ஊரில் ஒவ்வொரு காணித் துண்டுக்கும் உறுதியில் ஒரு பெயர் உண்டு. இந்தச் சின்னங்களில் சில தனியார் காணிக்குள் கிடக்கின்றன என்பதுதான் உண்மையான சிக்கல். காணிக்காரரை எதிரியாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பரம்பரையாக வந்த வளவை ஒருவர் காப்பாற்ற நினைப்பது குற்றம் அல்ல. அரசும் மாநகர சபையும் மரபுரிமை அமைப்புகளும் அவர்களோடு இருந்து பேசி, நியாயமான விலைக்கு வாங்கலாம். அல்லது நீண்ட காலக் குத்தகை எழுதலாம். நான் வேலை செய்த காலத்தில் வீதி அகலிப்பதற்காக எத்தனையோ காணிகளின் எல்லையை அளந்து கொடுத்திருக்கிறேன். வீதிக்கு எடுக்க முடிந்த காணியை ஒரு மாளிகைக்கு ஏன் எடுக்க முடியாது? இது குறித்து ஓர் அலுவலகத்துக்கு இரண்டு தடவை எழுதினேன். பதில் வரவில்லை. அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

போலந்தில் வார்சோவின் பழைய நகரம் இரண்டாம் உலகப் போரில் கல்லோடு கல் இல்லாமல் போனது. 18ஆம் நூற்றாண்டில் பெலொட்டோ வரைந்த ஓவியங்களையும் கிடைத்த வரைபடங்களையும் வைத்து அந்த மக்கள் அதைத் திரும்பக் கட்டினார்கள். 1980இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. திரும்பக் கட்டியது என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை. அதையே பெருமையாகச் சொல்லுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தைத் திரும்பக் கட்டிய ஊர் இது. எங்களால் முடியாது என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. கோயிலில் இருந்து சங்கிலித்தோப்பு வரை, சக்கர நாற்காலியும் போகக்கூடிய தொடர்ச்சியான நடைபாதை ஒன்று. நிழலுக்கு வேம்பும் பூவரசும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பலகை. அதில் வரலாறு எது, ஊர் சொல்லும் கதை எது என்று நேர்மையாகப் பிரித்து எழுத வேண்டும். பாடசாலைகள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளை இந்த வழியே நடத்திச் செல்ல வேண்டும்.

பாதையும் பலகையும் ஆறுதலாக வரட்டும். மந்திரிமனையில் எஞ்சிய சுவர்கள் அடுத்த ஐப்பசி மழைக்கும் நிற்க வேண்டும். பொறுப்பில் இருப்பவர்கள் முதலில் அவற்றுக்கு முட்டுக் கொடுத்து, மேலே ஒரு கூரை போடுங்கள்.