கடை வேறு, நூலகம் வேறு

மின்னூல் தளங்கள் வந்தபின் ஊரின் தொலைவு வாசிப்புக்குத் தடையில்லை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இக்கூற்றைச் சோதித்துப் பார்க்கப் பலமனேர் தக்க இடம். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த ஊர் அது. இன்று ஆந்திரத்தில் இருப்பினும் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்கும் எல்லைப்புறம்.

2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் கிண்டிலில் இந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழி நூல்களின் விற்பனையை அறிவித்தது. அதன் பயனாகப் பலமனேரில் இருக்கும் தமிழ் மாணவர் சென்னைக்குப் போகாமலே ஒரு நாவலை வாங்க முடிந்தது. ஆனால் அவருடைய தெலுங்கு, கன்னட நண்பர்களின் மொழிகள் அப்பட்டியலில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் 8.1 கோடி; தமிழுக்கு 6.9 கோடி. பேசுவோர் தொகை மட்டுமே அளவுகோலாயின் பட்டியல் இவ்வாறு அமைந்திராது. ஒரு தெருவில் கலந்து வாழும் மொழிகளுள் எதற்குக் கடை திறப்பது என்பதைத் தளத்தை நடத்தும் நிறுவனமே தீர்மானித்தது.

திறப்பதைப் போலவே மூடுவதும் நிறுவனத்தின் உரிமை. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்த நூல்களும் மறைந்தன. பணம் திருப்பித் தரப்பட்டது. நூலில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வழங்கப்பட்டது. வணிக நோக்கில் அது நேர்மையான தீர்வு. ஆயினும் மேற்கோளும் பக்கக் குறிப்புமே மூலதனமாகிய ஆய்வாளருக்கு அத்தொகை ஈடாகாது. பெரும்பாலான தளங்களில் வாசகர் பெறுவது நூலன்று. நூலைப் படிப்பதற்கான உரிமம்.

தளங்களின் தொண்டைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. பழைய எழுத்துருக்களில் முடங்கிக் கிடந்த கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுதல், பிழை திருத்துதல், திருட்டுப் படிகளைத் தடுத்தல், உரிமைத்தொகைக் கணக்கைப் பேணுதல் ஆகியவை சிறு பதிப்பாளரின் கைக்கு அடங்காத வேலைகள். இவற்றுக்கு முதலீடு செய்யும் நிறுவனம் வருவாயை எதிர்பார்ப்பது இயல்பே. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. மாற்றி முடித்த கோப்பைத் தளத்திடமே விட்டுவிடும் பதிப்பாளர், தம் நூலின் மின்வடிவை இரவல் பெறும் நிலைக்குத் தாமே இறங்குகிறார். திறந்த வடிவமாகிய இபப் கோப்பின் ஒரு படி பதிப்பாளரிடம் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

சட்டமும் காலத்துக்கேற்ப மாறவேண்டும். 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, அச்சிட்ட ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் செல்கிறது. அச்சுக்கென இயற்றப்பட்ட அச்சட்டத்தில், மின்வடிவில் மட்டுமே வெளியாகும் நூலுக்கு இத்தகைய காப்பிடம் இல்லை. பிரிட்டன் 2013-இல் விதிகள் வகுத்து மின்வெளியீடுகளையும் காப்பு நூலகங்களின் பொறுப்பில் சேர்த்துக்கொண்டது.

தமிழுக்கு இவ்வெண்ணம் புதிதன்று. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005-இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டமும், எவரும் படியெடுத்து வைத்துக்கொள்ளும் வகையில் நூல்களைப் பேணுகின்றன. சந்தையில் விற்கும் சமகால நூல்களை அவ்வாறு இலவசமாக வழங்க இயலாது. நூலகங்கள் விலை கொடுத்து நிரந்தரப் படியை வாங்க இயலும். பலமனேரின் அண்டையிலேயே திருப்பதியில் திருவேங்கடவன் பல்கலைக்கழகமும் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும் உள்ளன. ஆண்டுச் சந்தாவுக்கு மட்டும் கையொப்பமிடாமல், சந்தா முடிந்தபின்னும் தம்மிடம் தங்கும் படிகளை அவை கேட்டுப் பெறலாம். தெலுங்குக்கும் தமிழுக்கும் கன்னடத்துக்கும் ஒரே அலமாரியில் இடம் தரக் கடைக்குக் கடமையில்லை; பல்கலைக்கழகத்துக்கு உண்டு.