எங்கே பறந்தது என்று முதலில் கேள்!

"ஹெலிகாப்டர் என்ஜினில் பவர் குறைகிறது, என்ன செய்வாய்?" என்று வைவாவில் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "பியூயல் கண்ட்ரோல் யூனிட்டை மாத்தணும் சார்!" இந்தப் பதிலுக்கு மார்க் போடவே கூடாது என்பது என் கருத்து. "எங்கே பறந்தது சார்?" என்று திருப்பிக் கேட்பவனுக்கே போட வேண்டும்.

ஏனென்றால், நோய் ஒன்றானாலும் இடத்துக்கு இடம் காரணம் வேறு. பாலைவனத்தில் இறங்கும்போது ரோட்டர் கிளப்பும் மணல் என்ஜினுக்குள் போய், கம்ப்ரசர் பிளேடின் விளிம்பை அரம் போட்டதுபோல் தேய்க்கிறது. காற்றோட்டம் குறைகிறது, அதே பவருக்கு டர்பைன் வெப்பநிலை ஏறுகிறது. அந்த மணலே உருகி, டர்பைன் பிளேடில் கண்ணாடியாகப் படிந்து, குளிர்விக்கும் துளைகளை அடைப்பதும் உண்டு. கடலோரத்தில் உப்பு படியும்; நல்ல தண்ணீரில் கம்ப்ரசரைக் கழுவினாலே போன பவர் திரும்பலாம். உயர்ந்த மலையிலோ என்ஜினில் பழுதே இல்லாமல் இருக்கலாம்! 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதிதான். குறை காற்றில், நாம் கழற்றுவது என்ஜினை!

1972 ஜூன் 21 அன்று பிரான்சின் ழான் பூலே, லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் ஏறி உலக சாதனை படைத்தார். இறங்கத் தொடங்கியதும் என்ஜின் அணைந்தது. மறுபடி பற்றவே இல்லை. கீழிருந்து வரும் காற்றில் ரோட்டர் சுழல, தரை வரை அப்படியே இறங்கினார். அந்த லாமாதான் நம் பெங்களூர் எச்.ஏ.எல்.லில் 'சீட்டா' ஆயிற்று. 1984-ல் நம் ராணுவம் சியாச்சினில் ஏறிய பிறகு, பனிமலை முகாம்களுக்குச் சாமான் கொண்டு போனதும் நோயாளிகளைக் கீழே கொண்டு வந்ததும் இந்தச் சீட்டாதான். அங்கே தவறான பார்ட்டை மாற்றி ஒரு நாள் வீணானால், போவது ஒரு ஜவானின் உயிராக இருக்கலாம்.

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "டிப்ளமோ படிச்சும் மெக்கானிக்தானே?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஆமாம், அதிலென்ன கேவலம்? வியட்நாம் போரில் தூசியோடு பட்ட பாடுதான், பிளாக் ஹாக்கின் டி-700 என்ஜினில், நுழைவாயிலிலேயே மணலைச் சுழற்றி வெளியே தள்ளும் அமைப்பாக மாறியது. பழுது பார்த்த அனுபவமே டிசைன் ஆயிற்று! எங்க ஊர் பம்ப்செட் மெக்கானிக் அண்ணனும், "பக்கத்துக் களத்துல நெல்லு தூத்துனீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏர் கிளீனரில் கை வைப்பார்.

நம் லேபில் ஒழுங்காக ஓடும் என்ஜினில் ரீடிங் எடுத்தே மூன்று வருஷமும் முடிகிறது. கடைசி வருஷ பிராக்டிகலில் ஒரு பழுதை ஒளித்து வைத்து, ஓடிய இடத்தையும் சொல்லி, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள் என்று துறையைக் கேட்போம். பார்ட்டை மாற்ற ஸ்பேனர் போதும். பழுதைக் கண்டுபிடிக்கத்தான் படிப்பு!