கிழட்டுக் காருக்குப் புது வாழ்வு! ஆனால், எது அசல்?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் அரியூர். அதையும் தாண்டினால் கண்டமங்கலம்; தமிழ்நாடு வந்துவிடும். இந்தச் சாலையில் இன்று ஓடாத கார் இல்லை. ஜப்பான் கார், கொரியா கார், பேட்டரி கார் என்று வரிசையாகப் பறக்கின்றன. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால், அறுபது ஆண்டுக்கு முந்திய சின்னக் கார் ஒன்று அந்த வழியாக வந்தால்? டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். "இது எந்த ஊர்க் கார்?" என்று பையன்கள் கேட்பார்கள். வயதானவர் யாராவது இருந்தால், "ஸ்டாண்டர்டு ஹெரால்டுடா! நம்ம மெட்ராஸ்ல செஞ்சது" என்பார்.

அவர் சொல்வது முழு உண்மை.

இனி ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அரியூரில் ஒரு வீடு. தாத்தா வாங்கிய ஹெரால்டு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் முப்பது ஆண்டாகக் கிடக்கிறது. கோழி அதில் முட்டையிடுகிறது. காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு விலை கேட்டுவிட்டுப் போகிறார். பேரன் மட்டும், "விற்கக் கூடாது. பழையபடி ஆக்கி ஓட்டப்போகிறேன்" என்கிறான்.

பழையபடி என்றால் எந்தப்படி? அதில்தான் சங்கதி இருக்கிறது.

மூன்றே கம்பெனி!

1960-களில் நம் நாட்டில் கார் செய்த பெரிய கம்பெனிகள் மூன்றே மூன்று. கல்கத்தாப் பக்கம் அம்பாசடர். பம்பாயில் பியட். சென்னையில் ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சென்னைக் கம்பெனி 1948-ல் தொடங்கியது. வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம் தொழிற்சாலை. இங்கிலாந்தில் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் 1959-ல் வந்த காரை, 1961 முதல் இங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று செய்தார்கள். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்து கொடுத்த வடிவம் அது. பார்க்க எடுப்பாக இருக்கும். மாட்டு வண்டி திரும்பும் இடத்தில் திரும்பிவிடும்! அரைவட்டம் அடிக்க 25 அடி அகலம் போதும்.

இந்தக் காருக்குப் பந்தய ரத்தமும் உண்டு. இதன் சேஸைச் சுருக்கித்தான் 'ஸ்பிட்பயர்' என்ற வேகக் காரை இங்கிலாந்தில் செய்தார்கள். அதன் பந்தய வண்டி, 1965-ல் பிரான்ஸ் நாட்டின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலில் வந்தது. நம் ஊரிலும், சென்னையை அடுத்த சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடின.

நட்டைக் கழற்றினால் கார் கழறும்

பேரனுக்கு ஒரு நல்ல செய்தி. மற்றக் கார்களைப் போல ஹெரால்டின் உடம்பு ஒரே கூடு அல்ல. அடியில் தனியாகச் சேஸ். அதன்மேல் துண்டு துண்டான உடம்பு. எல்லாம் நட்டும் போல்ட்டும். கூரையைக்கூடக் கழற்றலாம்! மட்கார்டோடு சேர்ந்த முன்பக்கம் முழுவதும், பெட்டி மூடி போல முன்னால் சாய்ந்து திறக்கும். இன்ஜினை மெக்கானிக் நின்றபடியே பார்க்கலாம்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? அதற்கு ஒரு கதை உண்டு. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடம்பு செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழுக் கூட்டைச் செய்து தர ஆள் இல்லை. "சரி, துண்டு துண்டாகப் பல இடத்தில் செய்து இங்கே பூட்டுவோம்" என்று முடிவு செய்தார்கள். எதிரி செய்த இடைஞ்சல், அறுபது ஆண்டு கழித்து அரியூர்ப் பட்டறைக்கு உதவியாக வந்து நிற்கிறது!

கெட்ட செய்தியும் உண்டு. துரு! கடற்காற்று வீசும் ஊர். சேஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் போகும். அடுத்தது தரைத் தகடு. மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துவிட்டால் வெளியே பளபளக்கும். உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். உடம்பைத் தூக்கி வைத்துவிட்டுச் சேஸைத் தனியாகப் பார்ப்பதுதான் சரியான வேலை.

உதிரிப் பாகம்? இங்கிலாந்தில் பழைய டிரையம்ப் காருக்கு இன்றும் புதிதாகப் பாகம் செய்து விற்கிறார்கள். பணம் அனுப்பினால் பார்சல் வரும். அங்கேதான் பேரன் யோசிக்க வேண்டும்.

இங்கிலாந்துக்காரன் பார்க்காத கதவு

டிரையம்ப் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. பின் சீட்டுக்குப் போக, முன் சீட்டை மடக்கி நுழைய வேண்டும். நம் வீட்டுப் பாட்டி புடவையோடு எப்படி நுழைவார்? சென்னைக் கம்பெனி 1968-ல் கொண்டுவந்த மூன்றாவது மாடலில் நான்கு கதவு வைத்தது. இது இந்தியாவுக்கு என்றே செய்த கார். பாகங்களும் படிப்படியாக இந்தியாவிலேயே தயாராயின.

ஆகவே, தாத்தாவின் கார் நான்கு கதவு ஹெரால்டு என்றால், பின் கதவுக்கு இங்கிலாந்திலிருந்து பார்சல் வராது. டிங்கர் சுத்தியலால் தட்டித்தான் செய்ய வேண்டும். அல்லது செத்துப்போன இன்னொரு சென்னை ஹெரால்டிலிருந்து எடுக்க வேண்டும்.

இன்ஜினும் அப்படியே. இங்கிலாந்தில் ஹெரால்டுக்குப் பிறகு 1147 சி.சி., 1296 சி.சி. என்று பெரிய இன்ஜின்கள் வந்தன. சென்னையில் கடைசிவரை 948 சி.சி.தான். "பெரிய இன்ஜினை வாங்கி மாட்டு. நன்றாக இழுக்கும்" என்று நாலு பேர் சொல்வார்கள். மாட்டினால் இழுக்கத்தான் செய்யும். ஆனால், அது தாத்தாவின் காரா?

பின் சக்கரத்திலும் ஒரு வம்பு. ஹெரால்டின் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஆடும். வேகமாக வளைவில் திருப்பினால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இது பிடிக்கவில்லை. 1971-ல் ஹெரால்டு நின்றது. 1972-ல் வந்த 'கெஜல்' காரில் கம்பெனியே பின் அச்சை மாற்றிவிட்டது. பழைய ஹெரால்டை அசலாக ஆக்குவது என்றால், அந்தப் பழைய குறையையும் சேர்த்தே திரும்பக் கொண்டுவர வேண்டும்! ஓட்டுகிறவர்தான் வளைவில் நிதானமாகப் போக வேண்டும்.

அரசாங்கம் என்ன சொல்கிறது?

இவ்வளவு காலம் இது பணக்காரர் பொழுதுபோக்கு என்று விட்டிருந்தார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசாங்கம் பழங்காலக் கார்களுக்கென்றே மோட்டார் வாகன விதிகளில் புதிய பகுதி சேர்த்தது. முதல் பதிவு ஆகி 50 ஆண்டு கடந்த கார், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுக்குச் செல்லும். மறுபடி பதிய 5,000 ரூபாய்.

நம்பர் பலகையில் மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும். புதுச்சேரியில் புதிதாகப் பதிந்தால் 'பி.ஒய். வி.ஏ.' என்று தொடங்கும். ஏற்கெனவே பதிவான கார் என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். இது நல்ல ஏற்பாடு. தாத்தாவின் நம்பர் போய்விட்டால் பாதிக் கார் போன மாதிரி.

இந்தக் காரில் தினமும் கடைக்கும் ஆபீசுக்கும் போக முடியாது. வாடகைக்கு விடக் கூடாது. கண்காட்சி, கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது - இவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிபந்தனை. கார் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸ், உடம்பு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. ஒரு காலத்தில் பெட்ரோல் விலைக்குப் பயந்து பழைய கார்களில் டீசல் இன்ஜின் மாட்டியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் நிலைமை சிக்கல்தான்.

காரைப் பார்த்து முடிவு சொல்ல மாநிலக் கமிட்டி என்று விதி சொல்கிறது. சரி. அந்தக் கமிட்டிக்காரர் இங்கிலாந்துப் புத்தகத்தைப் புரட்டி, "ஹெரால்டுக்கு இரண்டு கதவுதானே? இதில் நாலு இருக்கிறதே!" என்று கேட்டால் என்ன ஆகும்? சிரிப்பதற்கில்லை. சென்னையில் செய்த கார்களைப் பற்றி எளிதில் கிடைக்கும் புத்தகம் குறைவு. தொழிற்சாலையும் இல்லை, அந்த நிலத்தில் இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கின்றன. ஆகையால் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரையாவது கமிட்டி பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நடுவில் 35 ஆண்டு!

50 வயதுக் காருக்கு மரியாதை கிடைத்துவிட்டது. ஆனால், கார் 50 வயதுவரை உயிரோடு இருக்க வேண்டாமா?

சொந்தக் காரின் முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 15-லிருந்து 50 வரை ஏழு முறை! முன்பு இதற்குக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டைக் கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. புகை கக்கும் கிழட்டு வண்டிகளைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. அந்த நோக்கத்தில் தப்பில்லை. ஆனால், புகை கக்கும் ஆயிரம் வண்டியோடு, காப்பாற்ற வேண்டிய ஒரு வண்டியும் காயலான் கடைக்குப் போய்விடுகிறது.

யார் அந்த ஒரு வண்டி? அதே சென்னைக் கம்பெனி 1985-ல் கொண்டுவந்த 'ஸ்டாண்டர்டு 2000'. இங்கிலாந்தில் 'ரோவர்' என்ற பெயரில் போலீஸ்காரர்கள் திருடர்களை விரட்டிய வேகக் காரின் உடம்பு அது. அங்கே எட்டு சிலிண்டர் இன்ஜின்கூட உண்டு. இங்கேயோ பழைய வான்கார்டு காலத்து நாலு சிலிண்டர் இன்ஜினை மாட்டினார்கள். குதிரை உடம்பு, கழுதைக் கால்! விலை அதிகம், வேகம் இல்லை, விற்கவில்லை. 1988-ல் எல்லாம் நின்றுவிட்டது.

இன்று அது மிக அபூர்வம். தோல்வியடைந்த கார்தான், ஆனாலும் நம் ஊர்க் கார். அதில் எட்டு சிலிண்டர் மாட்டி ரோவர் ஆக்கிவிட யாருக்கும் கை துறுதுறுக்கும். மாட்டினால் வேகம் வரும். சென்னைக் கார் மறைந்துவிடும். 50 வயது மரியாதையும் கிடைக்காது. அதற்கோ இன்னும் 2035 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஏழு முறைப் படியேறும் சொந்தக்காரருக்கு, அசலாக வைத்திருந்தால் கட்டணத்தில் சலுகை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அரசாங்கத்துக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது.

கெஜல் கார்களுக்கு அந்தக் கவலை தீரப்போகிறது. 1972-ல் பிறந்தவை 2022-ல் ஐம்பதைத் தொட்டுவிட்டன. கடைசியாக 1977-ல் வந்தவை 2027-ல் தொடும்.

அரியூர்ப் பேரனின் ஹெரால்டு எப்போதோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. டிங்கரையும் பெயிண்டரையும் கூப்பிடுவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்தியாவில் முன்பே பதிவான காருக்குப் பழைய ஆர்.சி. புத்தகத்தைக் காட்ட வேண்டும் என்று விதி சொல்கிறது. தாத்தா அதை எங்கே வைத்தார்? பாட்டியைக் கேட்டுக்கொண்டு பரண்மேல் ஏறிப் பார்க்க வேண்டியதுதான்.