நாய்க்கு இன்ஸ்டிங்க்ட், நமக்கு மட்டும் தியாகமா?

எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல ஒரு தெருநாய் நாலு குட்டி போட்டிருந்துச்சு. போன வாரம் அசோசியேஷன்காரங்க ஆள் வெச்சு, குட்டிகளைச் சாக்குல போட்டு எங்கேயோ விட்டுட்டு வந்துட்டாங்க. மூணு ராத்திரியா தாய் ஒவ்வொரு கார் அடியிலயும் மோந்து பார்த்துட்டு ஊளையிடுது. பாவமா இல்லையா சார்னு செயலாளர்கிட்ட கேட்டா, "அது வெறும் இன்ஸ்டிங்க்ட் தம்பி. மனுஷன் மாதிரி பாசமெல்லாம் அதுக்கு ஏது?"ங்கிறார்.

அந்த 'வெறும்' மேலதான் எனக்குக் கோபம்.

2007 ஜனவரியில நியூயார்க் சப்வேயில வலிப்பு வந்த ஒரு இளைஞர் தண்டவாளத்துல விழுந்துட்டார். ரயில் வந்துக்கிட்டிருக்கு. தன் ரெண்டு மகள்களோட நின்ன வெஸ்லி ஆட்ரிங்கிற கட்டடத் தொழிலாளி சட்டுன்னு குதிச்சு, தண்டவாளத்துக்கு நடுவுல அவரை அமுக்கி மேலேயே படுத்துக்கிட்டார். ரயில் அவங்களுக்கு மேல போச்சு. ரெண்டு பேரும் பிழைச்சாங்க. அந்தச் சில விநாடியில அவர் தத்துவமா யோசிச்சிருப்பார்? உடம்பு முந்திக்கிச்சு. அதை வீரம்னு சொல்றோம், சொல்லணும். அதையே ஒரு நாய் செஞ்சா மட்டும் ஹார்டுகோட் பண்ண ப்ரோகிராம் ஆயிடுதாக்கும்!

1964-ல ஜூல்ஸ் மாசர்மேன் குழு ரீசஸ் குரங்குகளை வெச்சு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. சங்கிலியை இழுத்தா சாப்பாடு வரும், ஆனா கண்ணுக்கு எதிர்ல இன்னொரு குரங்குக்கு ஷாக் அடிக்கும். ஒரு குரங்கு 12 நாள் எந்தச் சங்கிலியையும் இழுக்காம பட்டினி கிடந்துச்சு. காட்டுல சங்கிலியும் இல்லை, கரண்டும் இல்லை. இதுக்குன்னு தனி இன்ஸ்டிங்க்ட் எங்கேருந்து வரும்? அடுத்தவன் வேதனையைப் பார்க்க சகிக்கலை, அவ்வளவுதான். 'அப்போ அது தன் நிம்மதிக்காகத்தானே நிறுத்துச்சு'ன்னு கேப்பீங்க. ரோட்டுல அடிபட்டுக் கிடக்கிறவனைப் பார்க்க சகிக்காம ஆட்டோவுல தூக்கிப் போடுறவனும் அப்படித்தாங்க. பிறவியில வந்ததுன்னா பொய்யாயிடுமா? பசி கூட இன்ஸ்டிங்க்ட்தான்.

படிச்சவங்ககிட்ட இன்னொரு அஸ்திரம் இருக்கு: 'திருப்பிக் கிடைக்கும்னுதான் மிருகம் கொடுக்குது.' இதுல உண்மை இருக்கு. ரத்தம் குடிக்கிற வௌவால்களை கோஸ்டாரிகாவுல ஆராய்ஞ்சு ஜெரால்ட் வில்கின்சன் 1984-ல எழுதினார். ரெண்டு மூணு ராத்திரி ரத்தம் கிடைக்கலைன்னா அதுங்க செத்துப்போகும். வயிறு நிறைஞ்ச வௌவால், பட்டினியா திரும்பினதுக்குக் கக்கிக் கொடுக்கும். அதுவும் பெரும்பாலும் சொந்தத்துக்கும் கூடப் பழகினதுக்கும்தான். சரிங்க, கல்யாண மண்டபத்துல டேபிள் போட்டு, பேனா பிடிச்சு, ஊர் பேரோட மொய் எழுதுறது யாரு? வௌவாலா? :-)

மிருகமெல்லாம் தெய்வம்னு ஃபார்வர்டு அனுப்புற கோஷ்டியிலயும் நான் இல்லை. கூட்டத்தைப் புதுசா பிடிச்ச ஆண் சிங்கம் முந்தின சிங்கத்தோட குட்டிகளைக் கொல்லும். ஆனா நம்ம அகராதியைப் பாருங்க. கொடுமைக்குப் பேரு மிருகத்தனம், இரக்கத்துக்குப் பேரு மனிதாபிமானம். எழுதினது நாமதானே, எப்படி வேணும்னாலும் எழுதிக்கலாம்.

நேத்து செயலாளர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், குட்டிகளை எங்கே விட்டீங்கன்னு. பைபாஸ் தாண்டி ஏரிக்கரையாம். நாளைக்கு சனிக்கிழமை. அட்டைப்பெட்டி ரெடி, பைக் ஓட்ட ரூம்மேட்டும் ரெடி.