செனியா வளர்ப்பவர் கையில் கத்தரி இருக்கட்டும்

கடல்நீர்த் தொட்டியில் மீனுக்குப் போடும் தீனி, கழிவாகி, கடைசியில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. அளவு மீறினால் பாசி படரும், கல்பவளங்கள் நிறம் மங்கும். இதற்கு மருந்து ஊற்றுவதைவிட, வேகமாக வளரும் செனியா என்ற மென்பவளத்தை வளர்ப்பது நல்ல வழி.

அருகில் போய்ப் பார்த்தவர் கண்ணை எடுக்க மாட்டார். காம்பு நுனியில் எட்டு இறகு விரல்கள், கைக்குழந்தையின் உள்ளங்கை போல மூடித் திறந்துகொண்டே இருக்கும். அந்த அசைவு, உள்ளே வாழும் நுண்பாசியின் ஒளிச்சேர்க்கையைக் கூட்டுகிறது என்று செங்கடல் கரையிலுள்ள எய்லாத்தில், செனியாக் குடும்பத்துப் பவளம் ஒன்றில் நடந்த ஆய்வு 2013-இல் காட்டியது. வளர வளர, நீரில் கரைந்த சத்து அதன் உடலாகிறது.

ஆனால் வெட்டி வெளியே எடுத்தால்தான் அந்தச் சத்து தொட்டியைவிட்டுப் போகும். விட்டுவைத்தால் பக்கத்துப் பவளங்களை மூடிவிடும். ஒரேயடியாகச் செத்தாலோ, உறிஞ்சியதெல்லாம் தண்ணீருக்கே திரும்பும். அது பரவாமலிருக்க, மணல் நடுவே தனிக் கல்லில் வைப்பதே சரி.

வெட்டிய துண்டைக் கடலில் வீசவே கூடாது. செனியாவின் உறவான உனோமியா, மீன்தொட்டி வணிகத்தால் வெனிசுலாவுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. இன்று அங்கே மொச்சிமா கடற்பகுதியில் பவளத்திட்டுகளையே போர்த்திக் கிடக்கிறது. துண்டுகளை வெயிலில் சருகாக உலர்த்திக் குப்பையில் போடச் சில மணி நேரம்தான் ஆகும்.